அரை மணி நேரத்துக்கு ஒரு கொழுகொழு பிள்ளை

கையில் நோட்டு வைத்துக்கொண்டு சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. கரண்ட் கணக்கெடுக்க வருகிறவர் சிரிக்கவே மாட்டார், அவரை நம்பலாம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், செஞ்சியில் இன்றும் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டிய விஜயா மேடம், நோட்டும் வைத்திருந்தார், சிரிக்கவும் செய்தார். போதாதா?

அப்போது என் மகள் யாழினிக்கு மூன்று மாதம். எடை குறைவாகப் பிறந்தவள். அப்படிப் பிறந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆள் அனுப்பி, தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து உதவும் திட்டம் ஒன்று இருந்தது. (இது இப்போது தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், யாரோ நம்மை வேவு பார்க்கிறார்கள் என்பது மட்டும்.)

முதல் தடவை பாதிக் கதவைத் திறந்து நின்றே பதில் சொன்னேன்.

"நைட்டுல தூங்குறியாம்மா? அழுகை அழுகையா வருதா? வூட்ல சத்தம், சண்டை ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்."

எல்லாம் இருந்தது. என் வீட்டுக்காரர் விடிவதற்குள் அவலூர்பேட்டைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றப் போய்விடுவார். நான் ஒழுங்காகத் தூங்கி வாரக்கணக்காகியிருந்தது. ஒரு நாள், ஓயாமல் அழுத பிள்ளையைப் பார்த்து "வாய மூடு!" என்று கத்தியும் இருக்கிறேன். அதை நினைத்து நினைத்துத் தினமும் அழுதேன். இதெல்லாம் அந்த நோட்டில் ஏறினால், வளர்க்கத் தெரியாதவள் என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று உறுதியாக நம்பினேன். மேடம் வேறு கதவிடுக்கு வழியாகவே அடுப்படி, தூளி, பரண் என்று கண்ணை ஓட்டினார். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள்கூட இப்படி மூலைமூலையாகப் பார்க்க மாட்டார்கள்.

"புள்ளையக் காட்டேன்."

"தூங்குது மேடம்."

"சரி, வர்ற செவ்வாக்கெழம வரேன். எடை போடணும்."

எடையா! அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் திடீரென்று என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யாத நாட்களில்தான் எங்கள் குடும்பம் நிம்மதியாக இருக்கிறது.) பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்காவுக்கும் அதே வயதில் ஒரு பிள்ளை, தருண். தொடையில் மட்டும் மூன்று மடிப்பு.

"யக்கா, ஒன் புள்ளைய அரை மணி நேரம் குடு. என்னுத நீ வச்சுக்க."

"இன்னாடி சொல்ற? என்னுது ஆம்பளப் புள்ளடி!"

"கவுன் போட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

ஆண் பிள்ளைக்குக் கவுன் மாட்டி, பூ வைத்து, போட்டோ எடுக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. அதனால் கவுனும் அக்கா வீட்டிலேயே தயாராக இருந்தது. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, தருணைத் தோளில் போட்டுக்கொண்டு, இந்த முறை கதவை முழுசாகத் திறந்து மேடத்தை வரவேற்றேன்.

மேடம் தருணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையிலிருந்து தராசை எடுத்து விட்டத்துக் கொக்கியில் மாட்டினார்.

"நல்லாத்தான் இருக்குறா. கவுனு, ஜட்டி எல்லாத்தையும் கழட்டும்மா. வெறும் ஒடம்போடதான் எடை போடணும்."

இதை நான் யோசிக்கவே இல்லை.

"செவ்வாக்கெழமைல எங்க வூட்டுப் பொம்பளப் புள்ளைக்குத் துணி அவுக்க மாட்டோம் மேடம்."

"குளிப்பாட்ட மாட்டீங்களா?"

"கவுனோடதான்..."

மேடம் பேனாவைத் திறந்தார். ஒழிந்தேன் என்று நினைத்த அதே நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் யாழினி அழ ஆரம்பித்தாள். பசி அழுகை. என் தோளில் தருண் விரல் சப்பிக்கொண்டிருந்தான். எனக்குப் பால் சுரந்து, நைட்டியின் முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. துண்டை இழுத்து மூடினேன். துண்டும் நனைந்தது.

மேடம் பேனாவை மூடினார்.

"போயி ஒன் புள்ளையத் தூக்கிட்டு வாம்மா. பசியில அழுவுது பாரு."

தருணை அக்காவிடம் கொடுத்துவிட்டு, யாழினியைக் கொண்டுவந்து பால் கொடுத்தபடியே விக்கி விக்கி அழுதேன்.

"ஒரு நாள் கத்திட்டேன் மேடம். அதுக்காவ எம் புள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவீங்களா?"

"நான் எதுக்குத் தூக்கிட்டுப் போறேன்? எனக்கே ரெண்டு இருக்குது. நானுந்தான் கத்தியிருக்கேன். நீ தூங்குறியான்னு கேக்கத்தான் வந்தேன். மொதல்ல போயிப் படு."

படுத்தேன். (சந்தேகத்துக்கு ஒரு கண்ணைத் திறந்தேதான் வைத்திருந்தேன். இரண்டு நிமிஷத்தில் அதுவும் மூடிக்கொண்டது.) விழித்துப் பார்த்தபோது பிள்ளை தூளியில் இருந்தது. மேடம் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். நோட்டை எட்டிப் பார்த்தேன். யாழினியின் எடை, அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: 'அம்மா ஒரு மணி நேரம் தூங்கினாள்.' அதைப் படித்துவிட்டு மறுபடியும் அழுதேன்.

யாழினி இப்போது நான்காம் வகுப்பு. இந்தக் கதையைக் கஸ்தூரி அக்கா அவளிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். போன வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். சாயம் போன சுடிதாரில் கிளம்பி நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக் கத்தினாள்:

"கஸ்தூரி பெரிம்மா! அரை மணி நேரம் எனக்கு அம்மாவா வரியா? என்னுத தருண் வச்சுக்கட்டும்!"