ஸ்பிரிங் தொலைத்த தாய்மாமன்

பெரிய வேலை செய்து பெயர் வாங்குகிறவர்களை உங்களுக்குத் தெரியும். வேலையே செய்யாமல் பெயர் வாங்குகிறவர்களையும் தெரியும். கண்ணுக்கே தெரியாத வேலையை மாசக்கணக்கில் செய்துகொண்டு, வீட்டில் ஒருவரையும் தும்மவிடாமல் வைத்திருக்கிற மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. கொக்கிக்காரர் என்று பெயர். பெயர் நான் வைத்ததுதான்.

பொம்மை ரயில் பார்த்திருப்பீர்கள். சாவி கொடுத்தால் ஓடி, சுவரில் முட்டி, தலைகீழாக விழுந்து சக்கரத்தைச் சுழற்றுமே, அது இல்லை. இது பெரியவர்களின் பொம்மை ரயில். நிஜ ரயிலில் இருக்கிற ஏணி, ஆணி, துரு எல்லாம் இதிலும் இருக்கும். ஒரு பெட்டியை அடுத்த பெட்டியோடு கோக்கிற கொக்கியும் இருக்கும். துவரம்பருப்பு அளவு கொக்கி. அதற்கு ஒரு கூடு, கூட்டுக்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு திருகு, இவை எல்லாவற்றுக்கும் நடுவே எள்ளை விடச் சின்னதாய் ஒரு ஸ்பிரிங். இதையெல்லாம் கடையில் கோத்தே விற்கிறார்கள். கொக்கிக்காரர் அதை வாங்கமாட்டார். தனித்தனியாக வரவழைத்துத் தானே கோப்பார். ஏன் என்று கேட்டுவிடாதீர்கள், பதில் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

எனக்குத் தெரிந்த கொக்கிக்காரர் சின்னராஜ். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். அந்த மலைக்கு ரயில் கிடையாது. ரயில் பார்க்கவேண்டுமானால் திருப்பத்தூருக்கு இறங்கவேண்டும், இறங்குவதற்கு பஸ் வரவேண்டும், பஸ்ஸோ வந்தால் உண்டு. ரயிலே இல்லாத ஊரில்தான் ரயில் பைத்தியம் நன்றாக விளைகிறது போலும்.

காலையில் கடை திறக்கும் முன் ஒரு மணி நேரம் கொக்கி நேரம். நெற்றியில் பூதக்கண்ணாடி, கையில் இடுக்கி, மடியில் விரித்த வெள்ளை வேட்டி. அவர் முதலில் சொல்வது, "ஃபேன நிறுத்து." அடுத்து, "கதவ சாத்து." அப்புறம் மூச்சை அடக்கிக்கொண்டு இடுக்கியை நீட்டுவார். டிக் என்று ஒரு சத்தம். ஸ்பிரிங் பறந்துவிடும். உடனே மூன்றாவது வாசகம் வரும்: "யாரும் அசையாதீங்க!"

அந்த வீட்டில் அதற்குக் கட்டுப்படாதவர் இல்லை. மனைவி தேவயானி கரண்டியோடு நிற்பார். வந்த விருந்தாளி ஒரு காலைத் தூக்கியபடி நிற்பார். ஸ்பிரிங் பறக்காமலிருக்கக் கண்ணாடித்தாள் பைக்குள் கையை விட்டுக் கோக்கவேண்டும் என்கிற யுக்தியை இணையத்தில் பதினேழு பேருக்கு இவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தான் மட்டும் செய்யமாட்டார். "அது புதுசா கத்துக்கறவங்களுக்குங்க" என்பார். ரயில் எப்போது ஓடும் என்று கேட்டால், "மொதல்ல கொக்கி முடியட்டும்" என்பார். தண்டவாளம் இன்னும் வாங்கவேயில்லை.

போன மாசியில் அவர் தங்கை கலைவாணியின் குழந்தை சுவேதாவுக்குக் காதுகுத்து. திருப்பத்தூரில் ஒரு கோயில் மண்டபத்தில், பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்காரவேண்டும். கூடப் பிறந்த அண்ணன் ஒருவர்தான் என்பதால் மடியும் ஒன்றுதான். முதல் நாளே கலைவாணி போனில் சொல்லிவிட்டாள்: "ண்ணா, நீ நேரத்துக்கு வரலன்னா சித்தப்பா பையன் பூவரசன உக்கார வெச்சுருவாங்க. அப்புறம் எம் மாமியார் வூட்ல நான் தல நிமிந்து நடக்கமுடியாது. சொல்லிட்டேன்."

அன்று காலை எட்டரைக்குள் சின்னராஜ் குளித்து, புதுச் சட்டை போட்டு, தயாராகிவிட்டார். பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம். பன்னிரண்டு பெட்டிக்கு இருபத்துநாலு கொக்கி. இருபத்துமூன்று முடிந்துவிட்டது. இருபது நிமிஷத்தில் ஒரு கொக்கி போதாதா? இந்தக் கேள்விதான் இந்த இனத்தை அழிக்கப்போகிறது.

அவர் இடுக்கியை எடுத்தார். பக்கத்தில் தேவயானி, சீர்த்தட்டோடு கொண்டுபோக ஐந்து படி சாமை அரிசியை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தார். டிக்.

"யாரும் அசையாதீங்க!"

"இன்னாங்க, பஸ்ஸு ஹாரன் கேக்குது!"

"மொறத்த கீழ வைக்காத! சாமைல வுழுந்துருக்கும்."

ஐந்து படி சாமைக்குள் எள்ளை விடச் சின்ன ஸ்பிரிங். காந்தத்தை எடுத்து வந்து சாமை மேல் தடவினார். ஸ்பிரிங் வெண்கலக் கம்பி, காந்தத்தில் ஒட்டாது. இது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் இரண்டு தரம் தடவினார்.

"நீ பஸ்ஸ ஏறு. ஒரே நிமிஷத்துல பின்னாடியே வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். எந்த பஸ்ஸில் பின்னாடி வருவார் என்று கேட்க தேவயானிக்கு நேரமில்லை. சாமையை மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்.

அரைமணி நேரம் தரையைத் தடவியபிறகுதான் சின்னராஜுக்கு அது உறைத்தது. தங்கை முகம் நினைவுக்கு வந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஸ்பிரிங் சாமைக்குள் இருந்தால் அது இந்நேரம் திருப்பத்தூருக்குப் போய்க்கொண்டிருக்குமே! அலறி எழுந்து, புளி மூட்டை ஏற்றிப்போன வேன் ஒன்றை மறித்து, மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மண்டபத்தில் நுழைந்ததும் நேரே சமையற்கட்டுக்குத்தான் ஓடினார்.

"சாமை எங்க?"

சமையல்காரர் அண்டாவைக் காட்டினார். அது பொங்கிக்கொண்டிருந்தது. சின்னராஜ் கரண்டியை எடுத்து அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தபோது பின்னால் கலைவாணி வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வலது காது குத்தியாச்சுண்ணா. பூவரசன் மடில வெச்சு. நேரம் போவுதுன்னு எல்லாரும் சொல்ட்டாங்க. எம் மாமியா ஒரு மாதிரி சிரிச்சாங்க. பாப்பா கத்துன கத்துல எடது காது நிக்குது. இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்குது. நீ இங்க வந்து பொங்கல் கிண்டினு இருக்கியா?"

சின்னராஜ் கரண்டியை வைத்துவிட்டுப் போய் மனையில் உட்கார்ந்தார். பூவரசன் பெரிய மனசோடு நகர்ந்துகொண்டார், ரொம்பத் தூரம் நகரவில்லை. குழந்தை அழுது களைத்து மாமன் மடியில் சாய்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார்.

"மாமங்காரரே, தலைய ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சுக்குங்க. மயிரிழை அசைஞ்சாலும் எடம் மாறிடும்."

ஆசாரி குனிந்தார். நின்றார். சின்னராஜின் சட்டைக் காலரை உற்றுப் பார்த்தார்.

"இன்னா இது, எறும்பா?" என்று சொல்லி, ஃபூ என்று ஊதினார்.

வெயிலில் அது ஒரு சுற்றுச் சுற்றியதைச் சின்னராஜ் பார்த்தார். மூன்று மணி நேரமாகக் காலரிலேயே உட்கார்ந்து மலை இறங்கி வந்த ஸ்பிரிங். மேளக்காரர்களுக்கும் வாழைமரத்துக்கும் நடுவில் எங்கேயோ போய் விழுந்தது. அவர் வாய் திறந்தது. தொண்டையில் அந்த வாசகம் தயாராக இருந்தது. கைக்குள் குழந்தையின் தலை இருந்தது, சூடாக, நம்பிக்கையாக.

அவர் அசையவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த மனுஷன் மேல் அப்போதுதான் பிரியம் வந்தது. கண் மட்டும் வாழைமரத்தடியிலேயே இருந்தது, தண்ணீர் கட்டிக்கொண்டு. ஊசி ஏறியது. குழந்தை வீறிட்டது. மேளம் முழங்கியது. அண்ணன் கண்ணில் தண்ணீரைப் பார்த்த கலைவாணி, பாசம் என்று நினைத்துத் தானும் அழுதாள். மாமியார்கூட முந்தானையைத் தேடினார்.

அத்தோடு விட்டிருந்தால் அன்றைக்கு அவர் தெய்வம். கொக்கிக்காரர் அத்தோடு விடுவாரா? எல்லாக் கொக்கியும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க நகத்தளவு மட்டப் பலகை ஒன்று அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதை மெதுவாக எடுத்தார். அழுகிற குழந்தையின் இரண்டு காதுக்கும் நேரே பிடித்தார். ஒரு கண்ணை மூடினார்.

"எடது காது சரியா கீது. பூவரசன் மடில குத்துனதுதான் அரை நூல் கீழ எறங்கிருச்சு. அத மறுபடி குத்தணும்."

அன்று மத்தியானம் அவருக்குப் பந்தியில் இலை போடவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தை மூடியதும் கண்ணாடி முன் போய், உங்கள் காதுத் துளை இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கப்போகிறீர்கள், இல்லையா? போய்ப் பாருங்கள். ஸ்கேல் எடுக்க மட்டும் எழுந்துபோகாதீர்கள்.