தலைவர் என்ன நிறம்

எங்கள் வீட்டுக்குத் தலைவர் யார் என்பதை ஞாயிற்றுக்கிழமைக்குள் நிரூபித்துவிடுவது என்று தீர்மானித்தேன். அதற்கு ஜப்பானைத் துணைக்கு அழைத்தேன். இரண்டும் தவறு.

பிரச்சினை ஒரு போர்டில் தொடங்கியது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற சின்னப் பட்டறை எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் சூளை. வாசலில் தகர போர்டு. ‘செந்தமிழன் செராமிக்ஸ்’. செந்தமிழன் நான். அந்த போர்டில் தமிழும் இங்கிலீஷும் சண்டையில்லாமல் நின்றன. ஐப்பசி மழையில் ஒருநாள் காற்றடித்து போர்டு விழுந்தது. விழுந்தது போர்டு மட்டும்தான் என்று நினைத்தேன்.

பெயின்டர் பாரி புதுத் தகரத்தோடு வந்தார்.

“அதே பேருதானே சார்?”

“அதே பேருதான்.”

“எதுக்கு அதே பேரு?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

எனக்கு முதல் அதிர்ச்சி அது. என் மனைவி கயல்விழி முழங்கை வரை கிளேஸ் பூசிய கையோடு வெளியே வந்தாள். பொம்மைக்குப் பளபளப்பும் நிறமும் கொடுக்கிற குழம்பு அது. அன்றைக்கு நீலம்.

“மோல்டுல ஊத்தி எடுக்கறது நீங்க. ஒத்துக்கறேன். கிளேஸு கலக்கறது யாரு? சூளை அடுக்கறது யாரு? சூடு பாத்து எறக்கறது யாரு? போர்டுல மட்டும் நீங்களா?”

“ஒரு படைன்னா ஒரு தலைவன்தான் கயலு. பஞ்சவர்ணப் படையிலயே பாரு.”

“பாத்துட்டுதான் பேசறேன்.”

இது இரண்டாவது அதிர்ச்சி.

பஞ்சவர்ணப் படை என்பது ஜப்பான் தொடர். தமிழ் பேச வைத்திருக்கிறார்கள். ஐந்து பேர், ஐந்து நிற உடுப்பு, தலையில் பளபளக்கும் ஹெல்மெட். கையை வீசி நிற்பார்கள். பின்னால் காரணமே இல்லாமல் வெடி வெடிக்கும். அரக்கன் அடி வாங்கிச் சாவான். பிறகு மலையளவு வளர்ந்து எழுந்து, மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு சாவான். ஒரு சீசன் முடிந்தால் ஆளை மாற்றுவார்கள், உடுப்பை மாற்றுவார்கள். வெடியை மாற்ற மாட்டார்கள். சூளை எரிகிறபோது பக்கத்தை விட்டு நகர முடியாது. எதிரே ஒரு செங்கல்மேல் செல்போனைச் சாய்த்து வைத்து ஆறு சீசனையும் பார்த்து முடித்திருந்தேன். அவள் என் பின்னால் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கொத்தவரங்காயைத்தான் பார்க்கிறாள் என்று நம்பியிருந்தேன்.

“அப்ப சொல்லு. முதல் சீசன்ல தலைவன் யாரு?”

“செவப்பு.”

“என் பேரு என்ன? செந்தமிழன். செந்தாமரைன்னா செவப்புத் தாமரை. செங்கல்லுன்னா செவப்புக் கல்லு. என் பேருலயே செவப்பு இருக்குது.”

“செங்கல்லு வரைக்கும் சரி” என்றாள்.

பாரி திரும்பிச் சிரித்தார். நான் குரலை உயர்த்தினேன்.

“முதல் சீசன் மாதிரி வருமா? ‘படையே, என் பின்னால்’னு ஒரு சத்தம் குடுப்பான். நாலு பேரும் பின்னால ஓடுவாங்க. ஒருத்தர் எதுத்துப் பேசினாங்களா?”

“எங்க ஓடுவாங்க? நேரா அரக்கன் வாயில. அவன் போட்ட திட்டம் என்னைக்கி உருப்பட்டுது? எல்லாரும் அடிபட்டுக் கெடப்பாங்க. அந்த பிங்க்குப் பொண்ணுதான் கம்ப்யூட்டரத் தட்டி, ‘அரக்கனுக்கு இடது முட்டி வீக்கு’ன்னு சொல்லும். இவன் முட்டியில ஒரு உதை உட்டுட்டு பேரத் தட்டிக்கினு போவான். ரெண்டாவது சீசன் அதே கதை, ஹெல்மெட்டுல மட்டும் கொம்பு. அஞ்சாவதுல காசு இல்லபோல, உடுப்புல முட்டிக்கிட்ட சுருக்கம். ஆறு சீசனும் ஒரே கல்லுக் குவாரியிலதான் சண்டை. பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. குவாரியை யார் பார்ப்பார்கள்?

“யாரு தலைவருன்னு முடிவு பண்ணிட்டுக் கூப்புடுங்க” என்று பாரி சைக்கிளை எடுத்தார். வெறுந்தகரம் வாசலில் நின்றது. தெருவில் போகிறவர்கள் அதில் முகம் பார்த்துத் தலை வாரினார்கள்.

எந்தச் சீசன் சிறந்தது, அதன்படி தலைவர் யார் என்று தீர்ப்புச் சொல்லப் பக்கத்து வீட்டு ராஜாங்கம் மாமாவைக் கூப்பிடுவது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். மாமா கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். வாழ்நாளெல்லாம் கொடி காட்டியவர். சாயங்கால டீக்கு எங்கள் சூளையடியில்தான் ஆஜராவார். அப்படியே அந்த ஜப்பான் தொடரும் அவருக்குப் பழகிவிட்டது. முதல் நாள் நான் “எந்த சீசன் பாக்கலாம் மாமா?” என்றபோது, “சீசனா? கடலூருக்கா, விழுப்புரத்துக்கா?” என்று கேட்டவர். இப்போது அவரும் ஆறு சீசன் பார்த்தவர்.

வழக்கை முழுக்கக் கேட்டார். டீயை முழுக்கக் குடித்தார்.

“முதல் சீசன் தள்ளுபடி” என்றார்.

“மாமா!”

“செவப்பு எப்பிடித் தம்பி முன்னால போவும்? செவப்புன்னா நில்லு. பச்சைன்னா போ. செவப்பக் காட்டிட்டு ‘என் பின்னால வா’ன்னா எந்த டிரைவர் வருவான்? ஆக்சிடென்ட் ஆவும்.”

“நாலாவது சீசன்ல ரயில்லாம் வருதே மாமா. உங்களுக்குப் பிடிக்குமே” என்றாள் கயல்விழி.

“அதப் பேசாத பாப்பா. கடைசியில கார்டு வேன் இல்லாம ஒரு வண்டியக் கெளப்புறானுவ. சிக்னல் கேக்கறதில்ல. ராத்தூக்கம் போச்சு எனக்கு.”

சிவப்பில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. யோசித்தேன். மறுநாள் மாமாவைத் தனியாகப் பாலக்கரை டீக்கடைக்கு அழைத்துப்போய் இரண்டு வடை வாங்கிக் கொடுத்தேன்.

“மாமா, உங்க யூனிஃபார்ம் என்ன நிறம்?”

“வெள்ளை. கஞ்சி போட்டு நிக்கும்.”

“ஆறாவது சீசன்ல தலைவன் என்ன நிறம்?”

மாமா வடையை வாயருகே நிறுத்தினார். கண் கலங்கியது.

“வெள்ளை” என்றார்.

“பக்கத்துலயே எப்பவும் யாரு நிக்கறான்?”

“பச்சை!”

“வெள்ளை டிரஸ்ஸு, கையில பச்சைக் கொடி. யாரு அது மாமா? நீங்கதானே?”

அன்று மாலை ஆறாவது சீசனே தலைசிறந்தது என்று தீர்ப்பு வந்தது. கட்டணமாக அந்தச் சீசனின் ஐந்து பொம்மைகளும் தன் ஷோகேசுக்கு வேண்டும் என்றார் மாமா. நான் வெற்றிக் களிப்பில் எழுந்து நின்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

“நிறம் பிரிச்சிக்கலாம். வெள்ளை நான். பிங்க்கு நீ.”

ஆறாவது சீசன் பிங்க் வாரம் தவறாமல் அரக்கனிடம் மாட்டிக்கொண்டு “காப்பாற்றுங்கள்” என்று கத்தும். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன்.

“சரி, பிங்க்கு நான்” என்றாள்.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாமாவைச் சாட்சி வைத்துச் சபதம் வேறு போட்டேன்.

“ஞாயித்துக்கிழமை சூளை பிரிப்போம். தலைவர் பொம்மை என்ன நிறமோ, அந்த நிறத்துக்காரங்க பேருதான் போர்டுல. மாத்திப் பேசக்கூடாது.”

“சிக்னல் போட்டா போட்டதுதான்” என்றார் மாமா.

மோல்டு செய்தேன். ஐவரையும் ஊற்றி எடுத்தேன். தலைவருக்கு என் மூக்கை வைத்தேன். கொஞ்சம் நிமிர்த்தி. முதல் சுடல் முடிந்து பொம்மைகள் கயல்விழி கைக்குப் போயின.

“என்னாங்க, தலைவருக்கு வெள்ளைக் கிளேஸு ரெண்டு இருக்குது. சிர்கான் வெள்ளையா, டின் வெள்ளையா?”

“எது வெல ஜாஸ்தி?”

“டின்னு.”

“தலைவருக்கு டின்னு.”

“யோசிச்சிச் சொல்லுங்க.”

“தலைவன் யோசிக்க மாட்டான். முடிவெடுப்பான்.”

சனிக்கிழமை சூளை அடுக்கினாள். நான் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு மேற்பார்வை பார்த்தேன்.

“பச்சையை எங்க வெக்கட்டும்? அந்தக் கோடிக்குப் போயிடட்டுமா?”

“ஆறு சீசன் பாத்தும் இதத் தெரிஞ்சிக்கலியா நீ? பச்சை என்னைக்கி தலைவனை விட்டுப் பிரிஞ்சான்? பக்கத்துல வை.”

“நெருக்கமாவா?”

“தோளோடு தோள்.”

“ஒட்டிக்கப் போவுது.”

“ஒட்டாம, நூலு போற எடம் விட்டு வை.”

“அப்புறம் என்னையச் சொல்லக்கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

“தட்டுல இடம் மிச்சம் இருக்குது. ஆர்டருக்குக் கிளி பொம்மைங்க இருக்குது, எல்லாம் பச்சை. சுத்தி வெச்சிடவா?”

பார்த்தேன். நடுவில் தலைவர். சுற்றிலும் பச்சைக் கிளிகள், காவல் படைபோல. மஞ்சள், நீலம், பிங்க் மூவரும் மேல் தட்டில் தனியாக. நெஞ்சு நிறைந்தது.

“பிரமாதம். இப்பதான் உனக்குத் தலைவன் அருமை தெரிஞ்சிருக்குது.”

“ஆமாங்க” என்றாள் அடக்கமாக. சூளைக் கதவைச் சாத்தினாள்.

ஞாயிறு காலை ராஜாங்கம் மாமா பழைய வெள்ளை யூனிஃபார்மில் வந்தார். பித்தான் இரண்டு மூடவில்லை. கையில் இரண்டு கொடியும் இருந்தன. பாரி பிரஷ்ஷோடு வந்தார். நான் தலைக்குக் குளித்து வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நின்றேன். கயல்விழி சூளைக் கதவைத் திறந்தாள்.

முதலில் கிளிகள் தெரிந்தன. நல்ல பச்சை. அவற்றின் நடுவே என் மூக்கோடு ஒருவர் நின்றார்.

ரோஜா நிறம். உச்சிமுதல் பாதம்வரை. பச்சை வீரன் நின்ற பக்கம் கொஞ்சம் அடர்த்தி. மூக்கு நுனி மட்டும் இளசு. பெண் பார்க்க வந்த இடத்தில் வெட்கப்பட்ட மாதிரி இருந்தார்.

என் வாய் திறந்தது. நல்ல வெடிச் சத்தம் ஒன்று பின்னால் கேட்டிருந்தால்கூடப் பொருத்தமாக இருந்திருக்கும்.

பச்சைக் கிளேஸில் குரோம் இருக்கும். அதிகச் சூட்டில் அது ஆவியாகும். பக்கத்தில் டின் வெள்ளை, அதாவது வெள்ளீயம் கலந்த வெள்ளை, இருந்தால் அதில் படிந்து ரோஜா நிறமாக்கிவிடும். சிர்கான் வெள்ளை தப்பித்துக்கொள்ளும். நானும் கயல்விழியும் ஒரே வகுப்பில் செராமிக் டிப்ளமோ படித்தவர்கள். இந்தப் பாடம் நடந்தபோது இருவரும் வகுப்பில்தான் இருந்தோம். அவள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைவருக்கு டின் கேட்டேன். எனக்கு டின் கட்டிவிட்டாள்.

மாமா எந்தக் கொடியைக் காட்டுவது என்று தெரியாமல் இரண்டையும் இறக்கினார்.

“மாமா, இது வெள்ளை. சூளையில மாறிப்போச்சு. நீங்களே பாத்தீங்களே ஆறாவது சீசன்…”

“இப்ப என்ன நிறம் தம்பி?”

“அதாவது, டின் வெள்ளைங்கறது…”

“சிக்னல் பச்சையா இருந்துச்சு, அப்புறம் மாறிப்போச்சுன்னு டிரைவர் சொன்னா வுட்ருவாங்களா? இப்ப என்ன நிறம்?”

“பிங்க்கு.”

“பிங்க்கு யாரு?”

பாரி தகரத்தை மடியில் வைத்து, யாரையும் கேட்காமல் ‘க’ போட இடம் அளந்துகொண்டிருந்தார்.

கயல்விழியைப் பார்த்தேன். அவள் தலைவர் பொம்மையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“கேட்டனே. எந்த வெள்ளைன்னு கேட்டேன். கோடிக்குப் போவட்டுமான்னு கேட்டேன். கிளி வெக்கவான்னும் கேட்டேன். இதுக்கு மேல எப்பிடிக் கேக்கறது?”

யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லியிருந்தேன்.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும்.

“மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காதீங்க. உங்க பேரும் போர்டுல வரட்டும். ‘கயல்விழி செராமிக்ஸ்’னு பெருசா பிங்க்குல. கீழ உங்க பேரு, பச்சையில.”

“பச்சை எதுக்கு?”

“தலைவரை விட்டுப் பச்சை என்னைக்கிங்க பிரிஞ்சிது?”

மாமா பச்சைக் கொடியை ஆட்டினார்.

பெயின்ட் வாங்கிவர என்னைத்தான் அனுப்பினாள். பிங்க் ஒரு லிட்டர். பச்சை இருப்பதிலேயே சின்ன டப்பா.