தோண்டிப் பார்ப்பவர்

ஊருக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். தெருவுக்கு ஒருவர் என்றும் கேள்வி. அடையாளம் கண்டுகொள்வது சுலபம். மண்ணில் விதை போடுவார். போட்ட விதையை மறுநாள் காலையில் தோண்டிப் பார்ப்பார். அவ்வளவுதான். இந்த ஒரே குணத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தன் வீட்டையும் அடுத்த வீட்டையும் எப்படி ஆட்டிவைக்க முடியும் என்று கேட்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் திருவண்ணாமலை கோதண்டராமனைப் பார்த்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் ஓர் அலுவலகத்தில் சூப்பிரண்டு. கோப்பில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று அதன் பின்னாலேயே போவார். வீட்டில் சோறு கொதிக்கும்போது மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார். கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே விழுந்துவிட்டதா என்று கையை விட்டுத் துழாவியதாகக்கூட ஒரு வதந்தி உண்டு. வதந்தியை நம்ப வேண்டாம். தபால்பெட்டியில் அவ்வளவு பெரிய கை நுழையாது.

கோயிலின் மேற்கே, பேகோபுரத்துக்குப் பின்னால் வீடு. பின்பக்கம் மலையைப் பார்த்தபடி ஒரு துண்டுக் கொல்லை. குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் அன்வர் பாஷாவின் மனைவி நசீமாவின் கொல்லை. நசீமா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த முள்ளுக் கத்தரி அந்தத் தெருவில் பிரசித்தம். குழம்பில் போட்டால் வெண்ணெயாகக் குழையும். அந்த வருஷம் ஐப்பசி மழை அவளுடைய செடிகளையெல்லாம் அழுகடித்துவிட்டது. பிறந்த வீட்டிலோ கொல்லையை விற்றுவிட்டார்கள். மிஞ்சியது, முன்பு எப்போதோ அவள் கோதண்டராமனின் மனைவி வேதாவுக்குக் கொடுத்து, மருந்துப் புட்டியில் கிடந்த ஒரு சிட்டிகை விதைதான்.

"அக்கா, இதுவும் போச்சுன்னா அந்த ஜாதியே இல்ல. ஒரே ஒரு நாத்து குடுத்தீங்கன்னா போதும்" என்றாள் நசீமா.

வேதா வாயைத் திறப்பதற்குள், "நான் பாத்துக்கறேம்மா" என்று ஒரு குரல் கேட்டது. வேதா புட்டியை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

அவரைக் குறை சொல்லக்கூடாது. விதைப்பது என்று வந்துவிட்டால் அவரைப்போல் விதைக்க ஆளில்லை. விதையைத் தண்ணீரில் ஊறவைத்து, மிதந்த பொக்குகளைத் தள்ளிவிட்டு, அடியில் ஓட்டைபோட்ட மண்சட்டியில் ஓட்டாஞ்சில்லு வைத்து, மணலும் மக்கிய எருவும் செம்மண்ணும் சலித்துக் கலந்து, கீறிய கோட்டில் ஒவ்வொரு விதையாக இட்டு, மேலே மண்ணை மாவு தூவுவதுபோல் தூவி, வைக்கோலால் மூடி, விரல் நுனியால் தண்ணீர் தெளித்து, கைகூப்பி மலையை ஒரு கும்பிடும் போட்டு எழுந்தார். தோட்டக்கலைப் புத்தகத்தில்கூட இதற்குமேல் சொல்லியிருக்க மாட்டார்கள். இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சங்கடமே அங்கேதான்.

மறுநாள் காபி குடித்த கையோடு மூக்குக்கண்ணாடி, விளக்குமாற்று ஈர்க்கு ஒன்று ஆகியவற்றுடன் சட்டியின் முன் உட்கார்ந்தார். வைக்கோலை விலக்கினார், கிளறினார், ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு அடுக்களைக்குக் கொண்டுபோய் வேதாவிடம் காட்டினார். லேசாக உப்பியிருக்கிறதா இல்லையா? உப்பவில்லை என்றால் கவலை. உப்பியிருந்தால் ஏன் இன்னும் வெடிக்கவில்லை என்று கவலை. இதற்கு அவர் வைத்த பெயர் மேற்பார்வை. பார்த்த விதையை அவர் திரும்பப் புதைத்தார் என்பது உண்மை. எது மேல், எது கீழ் என்று விதைக்குத்தான் குழப்பம்.

"ஏங்க, அதும்பாட்டுக்கு இருக்கட்டுமே" என்றாள் வேதா.

"பாக்காம விட்டா எப்படித் தெரியும்? இது அக்னி ஸ்தலம். மண்ணுக்குள்ளயே சூடு ஜாஸ்தி" என்றார் அவர். வெள்ளையாக மூக்கை நீட்டிய முளைகள் அவருடைய ஈர்க்கில் முறிந்தன. பழி மலைமேல் விழுந்தது.

நல்லவேளையாகத் தீபம் வந்தது. வருஷம் முழுவதும் ஒரு கார்டு போடாத உறவெல்லாம் கீழ்பென்னாத்தூரிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியது. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. குளியலறைக்கு முன் எப்போதும் வரிசை. கொல்லைப் பக்கம் போவதற்கு வீட்டுக்காரருக்கே முறை வரவில்லை. கோதண்டராமன் தவித்துப்போனார். திருவிழா முடிந்து கடைசி மூட்டை வண்டியேறியதும் ஓடிப்போய் வைக்கோலை விலக்கினார். மிஞ்சிய விதைகள் பச்சைப் பசேலென்று நின்றன.

"பாத்தியா? நான் கிளறிவிட்டதுலதான் காத்தோட்டம் கிடைச்சிருக்கு" என்றார் வேதாவிடம். உறவுக்காரர்களை இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்லியிருக்கலாமே என்று அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது.

நாற்றுகள் நாலைந்து இலை விட்டதும் நடவு. அதிலும் குறையில்லை. வெயில் தாழ்ந்த பிறகு, வேரோடு மண் உதிராமல் பெயர்த்து, குழியில் வைத்து, தூரில் மண் அணைத்து, தண்ணீர் ஊற்றி, நிழலுக்குத் தென்னை ஓலை செருகினார். காலையில் எழுந்தார். வேர் பிடித்துவிட்டதா? அதைத் தெரிந்துகொள்ள அவரிடம் ஒரு முறை இருந்தது. செடியின் கழுத்தைப் பிடித்து மெல்ல இழுப்பது. பிடித்திருந்தால் வராது, வந்தால் பிடிக்கவில்லை. வந்தது. அடுத்ததை இழுத்தார். அதுவும் வந்தது. ஒன்றுகூடப் பிடிக்கவில்லை என்பதைக் காலாகாலத்தில் கண்டுபிடித்ததில் அவருக்கு ஒரு திருப்தி. எல்லாவற்றையும் திரும்ப நட்டார், மறுநாளும் பார்த்தார்.

கடைசி நாற்று துவளத் தொடங்கியபோது வேதா, அவர் அலுவலகம் போன நேரமாகப் பார்த்து, அதை மண்ணோடு தோண்டி ஈரச் சாக்கில் சுற்றிச் சுவருக்கு மேலாக நசீமாவின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே நின்று அழுதாள். ஒரு கத்தரி நாற்றுக்காக அழுவதா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மாலையில் விஷயம் தெரிந்து கோதண்டராமன் சுவரோரம் வந்தார். அந்தப் பக்கம் ஒரு கூடை கவிழ்த்திருந்தது.

"பிடிச்சிடுச்சாம்மா? கூடையக் கொஞ்சம் தூக்கு, பாக்கறேன்."

ஐந்து வேளையும் தொழுகிற நசீமா, பொய் என்று வாயால் சொல்லவே கூசுகிறவள், கூடைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "அது அப்பவே காஞ்சுபோச்சு அண்ணே. கூடைக்குள்ள கோழி அடைகாக்குது."

இதைச் சொல்லியிருக்கக்கூடாது. அவருடைய முகம் மலர்ந்தது. "முட்டை பொரிஞ்சுதா?"

"கிட்டப் போனா கொத்தும் அண்ணே" என்றாள் நசீமா.

அவர் பெருமூச்சு விட்டார். அக்னி ஸ்தலத்தில் கத்தரி வராது என்று தான் முதலிலேயே சொன்னதாக அன்றிரவு வேதாவிடம் நினைவுபடுத்தினார்.

ரம்ஜான் பெருநாளன்று நசீமா வீட்டிலிருந்து பிரியாணியும் தூக்கு நிறைய எண்ணெய்க் கத்தரிக்காயும் வந்தன. கோதண்டராமன் ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"எந்தக் கடையில வாங்கினாங்களாம்? விதை கிடைக்குமான்னு கேளு. நானே போடறேன்."

"இது விதையே இல்லாத ஜாதிங்க" என்றாள் வேதா, சோற்றைப் பார்த்தபடி.

அவர் உடனே கத்தரிக்காயைப் பிளந்து பார்த்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் விதை போடுகிறவர் இல்லை. உங்களுக்குக் கொல்லையும் இல்லை. ஆனால் இதைப் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, முடிவு என்ன ஆகிறது பார்க்கலாம் என்று கண்ணைக் கடைசி வரிக்கு ஓடவிட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

அப்போது நீங்கள் தோண்டிப் பார்த்த வரி இதுதான்.