தண்ணீர்ப் பட்டியலின் புது வெர்ஷன்

ஒரு காட்டில் கோடை வந்தால் ஒரே ஒரு குட்டைதான் மிஞ்சும். யார் எப்போது தண்ணீர் குடிப்பது என்ற பட்டியல், சுற்றுலா வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன ஒரு லேப்டாப்பில் இருந்தது. யானையைத் தடுக்கப் போட்ட சோலார் வேலியில் அதற்கு சார்ஜ் ஏறும். பட்டியலைப் பார்த்துக்கொண்டவள் வஞ்சிக்கொடி என்ற புள்ளிமான்.

பட்டியல்படி புலியாருக்கு மாலை நாலிலிருந்து ஆறு, மான்களுக்கு ஆறிலிருந்து ஏழு. புலியார் ஐந்தரைக்கே குடித்து முடித்து, ஏப்பம் விட்டுக் கரையிலேயே உட்கார்ந்திருப்பார். ஆறு மணிக்கு மான்கள் வரும். அவருக்கும் சரியாக ஆறு மணிக்குத்தான் பசிக்கும். பட்டியலில் தண்ணீருக்குத்தான் நேரம் போட்டிருந்ததே தவிர, சாப்பாட்டுக்குப் போடவில்லை. ஆகவே விதிப்படி யார் மேலும் தப்பில்லை.

போன வாரம் வஞ்சிக்கொடியின் தங்கை போய்விட்டாள். வஞ்சிக்கொடி அழுதுகொண்டே நேரத்தை மாற்றச் சொல்லி மனு கொடுத்தாள். கோப்பின் பாஸ்வேர்டு புலியாரிடம் இருந்ததால் மனுவும் அவரிடமே போனது. “கம்ப்யூட்டர்ல ஏறினதை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியுமாம்மா?” என்று அவர் மிகவும் வருத்தப்பட்டார்.

இந்த நிலையில் ஒருநாள் லேப்டாப் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தபோது, ஒரு மயில் அதன் மூடியைத் தட்டி மூடிவிட்டது. திறந்தால் நீலத்திரை. ‘உங்கள் கணினியை மீட்கிறோம்’ என்று வந்து, முப்பத்தேழு சதவீதத்தில் மூன்று நாள் நின்றது. பிறகு ‘மீட்க முடியவில்லை’ என்று கைவிரித்தது.

மாசிலாமணி என்ற குரங்கை அழைத்து வந்தார்கள். ஊருக்குள் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையின் கூரையில் ஒரு வருஷம் குடியிருந்த அனுபவசாலி அவன்.

“ரிகவரி போயிடுச்சுக்கா. பார்மட் அடிச்சு ஓஎஸ் புதுசா போடணும். பட்டியலை எங்க சேவ் பண்ணியிருந்தீங்க?”

“டெஸ்க்டாப்லதான். கண்ணு முன்னாடி இருக்கட்டுமேன்னு” என்றாள் வஞ்சிக்கொடி.

“கண்ணு முன்னாடியே போயிடும்” என்று சொல்லி அவன் என்டரைத் தட்டினான்.

வஞ்சிக்கொடி யோசித்தாள். பட்டியல் தொலைந்தது என்று புலியாரிடம் யார் சொல்வது? சொன்ன பிறகு வீடு திரும்புவது எப்படி?

அதற்குள் சேதி பரவி, மறுநாள் காலை எல்லாரும் தங்கள் நேரத்தைத் திரும்பப் பதிய வரிசையில் நின்றார்கள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. பழைய நேரத்தை ஒருவரும் சொல்லவில்லை. அரை மணி நேரம் இருந்த யானை மூன்று மணி நேரம் என்றது. குளிக்கவே கூடாது என்றிருந்த பன்றிகள், குளிக்க ஒரு மணி நேரம் உண்டு என்று சத்தியம் செய்தன. அவள் எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் ஏற்றினாள்.

புலியார் வந்தார். “எனக்கு நாலு டூ ஆறு.”

வஞ்சிக்கொடி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “அது பழைய வெர்ஷன் ஐயா. புதுசுல உங்களுக்கு மதியம் பன்னெண்டரை காட்டுது.”

“மதியம் நான் தூங்குவேனே?”

“பழைய டைம் எல்லாம் இதுல சப்போர்ட் ஆகாதுங்க.”

புலியார் உறுமத் தொடங்கிய நேரம் பார்த்து ஆமை சபாபதி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற குமாஸ்தா. தகவல் தெரிந்த அன்றே கிளம்பியவர். “யாரும் பயப்படாதீங்க! பழைய பட்டியல் என் பென்டிரைவ்ல அப்படியே இருக்கு. யாருக்கும் ஒரு நிமிஷம்கூட மாறாது!”

யானை மரியாதையாக முன்னே வந்து, பென்டிரைவைத் துதிக்கையால் வாங்கி, தரையில் பத்திரமாக வைத்து, அதன்மேல் நின்றுகொண்டது.

“அடடா, பார்க்கலையே” என்றது யானை. “எனக்கென்னவோ புதுப் பட்டியலே நல்லாத்தான் படுது. உங்களுக்கு எப்படிங்க?”

புலியார் யானையின் காலைப் பார்த்தார். வரிசையையும் பார்த்தார். “கம்ப்யூட்டரே சொன்னப்புறம் நான் என்ன சொல்றது” என்று தூங்கப் போய்விட்டார்.

அன்று மாலை மான்கள் ஆற அமரத் தண்ணீர் குடித்தன. தங்கைக்கு இது கிடைக்கவில்லையே என்று வஞ்சிக்கொடி நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து முயல்கள் மனுவோடு அவளிடம் வந்தன. வரிசையில் கடைசியாக நின்றதால், நரிக்கு அடுத்த நேரம்தான் அவற்றுக்குக் கிடைத்திருந்தது. நேற்று இரண்டு முயல்கள் திரும்பவில்லை.

வஞ்சிக்கொடி மனுவை இரண்டு முறை படித்தாள். கண் கலங்கியது. மாற்றுவதென்றால் மான்களின் மாலை நேரத்தில்தான் கை வைக்க வேண்டும்.

“அடுத்த தடவை சிஸ்டம் படுத்துச்சுன்னா கண்டிப்பா பண்ணித் தரேம்மா” என்று அனுப்பிவைத்தாள். பிறகு சபாபதியைக் கூப்பிட்டு, இனி தினமும் மூன்று பென்டிரைவில் பட்டியலை எடுத்துவைக்கச் சொன்னாள்.

நீதி: அநியாயம் நமக்குச் சாதகமாக மாறிய நாளிலிருந்து தவறாமல் பேக்கப் எடுக்க வேண்டும்.