இடது காலில் பதினான்கு விநாடி

1998, நவம்பர் 12, வியாழக்கிழமை. காலை 5.40-க்கு எழுந்தேன். 5.50-க்குப் பால் பாக்கெட்டை எடுத்துவந்து அடுப்பில் வைத்தேன். 6.05-க்கு இடது காலில் மணல் பை கட்டித் தூக்கும் பயிற்சி, இருபது முறை. 6.30-க்குச் சுவரோரம் ஒற்றைக்கால் பயிற்சி. இடது காலில் பதின்மூன்று விநாடி. 6.45-க்குக் குளியல். 7.10-க்கு இரண்டு அவித்த முட்டை, நான்கு துண்டு ரொட்டி. 7.30-க்குச் சட்டையையும் டிராக் பேண்டையும் அயர்ன் செய்தேன். 7.55-க்குக் காக்ஸ் டவுன் ரயில்வே கேட்டைத் தாண்டினேன். கேட் திறந்திருந்தது. நல்ல சகுனம் என்று எழுதியிருக்கிறேன். (சகுனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்று மட்டும் இருந்திருக்கிறது.)

அந்தத் தேதிக்குரிய டைரிப் பக்கத்தின் மேல் பாதி இது. அன்று காலை பேருந்தில் எழுதியது. கீழ்ப் பாதியில் ஒன்றும் இல்லை. நான் டைரி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து பாதி காலியாகக் கிடக்கும் பக்கம் அது ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் பழைய டைரிகளுக்குத் தூசி தட்டும்போது அது என் கண்ணில் படும். பத்து வருடம் பொறுத்துக்கொண்டேன். இப்போது நிரப்பிவிடுகிறேன்.

முதலில் ஒரு ஒப்புதல். இந்திய அணியில் இடம் கிடைத்தும் போகமுடியாமல் போனவர்கள் பலர் உண்டு. சிலருக்குக் காயம், சிலருக்கு வயது. நன்றாக நடந்துகாட்டியதால் இடத்தை இழந்தவன், எனக்குத் தெரிந்தவரை, நான் ஒருவன்தான்.

இரண்டு வயதில் எனக்கு இளம்பிள்ளைவாதம் வந்தது. இடது கால் வலது காலைவிட ஒன்றரை அங்குலம் குட்டை, பாதி ஒல்லி. ஆனால் தோள்கள் நல்ல தோள்கள். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் கிளார்க் வேலை. வேலை முடிந்ததும் மைதானத்துக்குப் போய்க் குண்டு எறிவேன். நின்றுகொண்டு அல்ல, உட்கார்ந்துகொண்டு. இரும்பு நாற்காலியைத் தரையில் முளையடித்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அதில் தொடையையும் பட்டையால் கட்டிக்கொண்டு, இடுப்புக்கு மேலே இருப்பதை மட்டும் வைத்து எறிய வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நான் பலசாலி. எட்டு வருடம் எறிந்தேன். முதலில் மாநில அளவில் ஜெயித்தேன், பிறகு தேசிய அளவில். முப்பத்தேழாவது வயதில், ஜனவரியில் பாங்காக்கில் ஊனமுற்றோருக்காக நடக்கவிருந்த பன்னாட்டு விளையாட்டுப் போட்டிக்கான இந்திய அணிப் பட்டியலில் என் பெயர் வந்தது. (மாற்றுத்திறனாளி என்ற சொல் அப்போது புழக்கத்தில் இல்லை.) பயிற்சி முகாம் பெங்களூரிலேயே நடந்தது. கோட்டுக்கு அளவெடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். பாக்கி இருந்தது டாக்டர்களின் பரிசோதனை ஒன்றுதான்.

எங்கள் விளையாட்டில் அந்தப் பரிசோதனை தலைகீழானது. உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டார்கள், என்ன இல்லை என்று பார்ப்பார்கள். யாருக்கு எவ்வளவு பலவீனம் என்று அளந்து, ஒரே அளவு உள்ளவர்களை ஒரே பிரிவில் போட்டியிட வைப்பார்கள். இதைத் திங்கட்கிழமையே கோச் நஞ்சப்பா கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் விளக்கினார். நான் குறிப்பு எடுத்தேன். அந்தக் குறிப்பு இன்னும் இருக்கிறது. கையெழுத்துகூட அழகாக இருக்கிறது. ஆனால் புத்தியில் ஒரு வரியும் ஏறவில்லை.

காரணம் என் பழைய பரிசோதனைகள். பத்தொன்பது வயதில் ஒரு வேலைக்கான மெடிக்கலில் என்னைத் தள்ளிவிட்டார்கள். இருபத்திரண்டில், இப்போது இருக்கும் தொழிற்சாலையின் டாக்டர் என்னை வராந்தாவில் மூன்று முறை நடக்கவிட்டு, நீண்ட நேரம் யோசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அந்த யோசனையை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து நடப்பது எனக்கு ஒரு பாடம் ஆயிற்று. இடது செருப்புக்கு உள்ளே உயரம் வைத்தேன். ஆஸ்டின் டவுன் டெய்லரிடம் சொல்லி, எல்லா பேண்டிலும் இடது பாக்கெட்டுக்கு அடித்துணி இல்லாமல் தைத்துக்கொண்டேன். அதற்குள் கையை விட்டுத் தொடையை அழுத்திக்கொண்டே நடந்தால் கால் மடங்காது. பார்ப்பவருக்கு, ஒரு மனிதர் பாக்கெட்டில் கைவிட்டுச் சாவகாசமாகப் போகிறார் என்று தோன்றும். ஆபீஸில் சிலர் என்னைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். அது எனக்குப் பாராட்டாகவே பட்டது.

ஆகவே, டாக்டர் பரிசோதனை என்றதும் நான் பாஸாவதற்குத் தயாரானேன். ஒரு மாதம். மணல் பை, முட்டை, ஒற்றைக்கால், கட்டம் போட்ட தாளில் முன்னேற்றக் குறிப்பு. முகாமில் கொடுத்த டிராக் பேண்டின் பாக்கெட்டைக்கூட டெய்லரிடம் கொடுத்து வெட்டி வாங்கினேன்.

அன்று காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அயர்ன் செய்த உடுப்பில் நின்றுகொண்டிருந்தவன் நான் மட்டும்தான். பக்கத்தில் ஃபாரூக். சிவாஜி நகரில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தான், என் பிரிவிலேயே குண்டு எறிபவன். கால்களில் மாட்டியிருந்த இரும்புப் பட்டைகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, அரை டிராயரோடு, குச்சிபோன்ற இரண்டு கால்களையும் வெயிலில் நீட்டி வைத்திருந்தான். எனக்குக் கூச்சமாக இருந்தது, அவனுக்காக.

"என்னாணா, கல்யாண மாப்ள மாதிரி வந்துகிற?" என்றான்.

பரிசோதனை அல்லவா என்றேன்.

"உள்ளத காட்டுணா, போதும். ஜாஸ்தி பண்ணாத."

நான் களைத்துப்போவேனோ என்று கவலைப்படுகிறான் என நினைத்து, அவன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனேன். (அந்தத் தட்டலை நினைத்தால் இப்போதும் என் கை கூசுகிறது.)

உள்ளே டெல்லியிலிருந்து வந்த இரண்டு டாக்டர்கள். பெரியவர் ஒரு அம்மாள், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு நடக்கச் சொன்னார்கள். கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, பிரிகேட் ரோட்டில் கடை பார்ப்பவனைப் போல நடந்தேன். மேஜையில் படுக்கவைத்துக் காலைத் தள்ளச் சொன்னார்கள். இடுப்பு, முதுகு, பல் எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளினேன். மாடி ஏறுவதில் சிரமம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று நிறுத்தியிருக்கலாம். எங்கள் ஸ்டோர்ஸ் இரண்டாம் மாடியில் இருப்பதையும், நாற்பத்து நான்கு படிகள் என்பதையும், ஒரு நாளைக்கு ஆறு முறை ஏறுவதையும் சொன்னேன். (கைப்பிடிக் கம்பியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.) கீழே விழுவதுண்டா என்றார்கள். பையிலிருந்து டைரிகளை எடுத்தேன். நான்கு வருடத்தில் இரண்டே முறை, ஒன்று மழையில், மற்றொன்று வாழைப்பழத் தோலில் என்று தேதியோடு படித்துக்காட்டி, இரண்டாவது யாருக்கும் நேரக்கூடியது என்றும் சொன்னேன். காலைக் காரணம் காட்டி ஒன்பது வருடமாக லீவு எடுத்ததில்லை என்று ஆபீஸில் வாங்கிய சான்றிதழையும் நீட்டினேன். அதை யாரும் கேட்கவில்லை.

கடைசியாக இடது காலில் நிற்கமுடியுமா என்றார்கள். முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டிக்கொண்டால் அது நிற்கும். நின்றேன். சின்ன டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினான்கு விநாடி. காலையில் பதின்மூன்று.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். உங்களை எதற்காக இங்கே அனுப்பினார்கள் என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காக நான் முப்பத்தைந்து வருடம் காத்திருந்திருக்கிறேன் என்பது, அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. வெளியே வந்து ஒரு காபி வாங்கி மரத்தடியில் நின்று குடித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அக்கா வீட்டில் அப்போது போன் இல்லை. அதனால் இன்னொரு காபி வாங்கிக் குடித்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பட்டியலை ஒட்டினார்கள். உட்கார்ந்து எறியும் பிரிவில் என் பெயர் இல்லை. பார்வை தவறியதோ என்று மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தேன். அடுத்த தாளில் இருந்தது. நின்று எறியும் பிரிவு. அங்கே எறிபவர்களுக்குக் கணுக்காலுக்குக் கீழேயோ ஒரு கையிலோதான் குறை இருக்கும். குண்டும் கனமானது. நான் வாழ்நாளில் நின்று எறிந்ததே இல்லை.

நஞ்சப்பா என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார்.

"ஏன்ரீ சேவியர், உள்ள என்ன பண்ணீங்க?"

"கேட்டதுக்கெல்லாம் கரெக்டா பதில் சொன்னேன் சார்."

"பாக்கெட்ல கை எதுக்குன்னு சொன்னீங்களா?"

"அத கேக்கல சார்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். சரி, நின்றே எறிந்து பாருங்கள் என்று மைதானத்துக்குக் கூட்டிப்போனார். முதல் முறை எறிந்த பிறகு விழுந்தேன். இரண்டாம் முறை எறிவதற்கு முன்பே விழுந்தேன். மூன்றாம் முறை குண்டும் நானும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தோம். நான்கு வருடத்தில் இரண்டு முறை விழுந்தவன், இருபது நிமிடத்தில் மூன்று முறை. டாக்டரிடம் காட்டிய கணக்கு அன்றைக்கே பொய்யாகிவிட்டது.

"நாலு மணிக்கு அவங்க ஏர்போர்ட் போறாங்க," என்றார் நஞ்சப்பா. "இப்பவே போங்க. பாக்கெட்ட வெளிய இழுத்துக் காட்டுங்க. கம்பி புடிச்சுதான் ஏறுவேன்னு சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேலை. அப்பறம் பாங்காக்."

முழங்காலில் மண்ணோடு போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே நான்கைந்து அதிகாரிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகம் மலர்ந்து, இவரைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று மற்றவர்களிடம் காட்டினார். ஒருவன் தன் காலை இப்படி வசப்படுத்திவைத்திருப்பதை இத்தனை வருடத்தில் பார்த்ததில்லையாம். நடையைப் பார்த்தால் யாரும் கண்டுபிடிக்க முடியாதாம். எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் பரிதாபம் இல்லை.

என் கை பாக்கெட்டுக்குள் இருந்தது. எடுத்தால் போதும், கால் மீதியைச் சொல்லிவிடும். எடுக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

எதையாவது மறந்துவிட்டீர்களா என்று அவர் கேட்டார்.

நன்றி சொல்ல வந்தேன் என்றேன். சொன்னேன். திரும்பி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் பார்க்கிறார்கள் என்பதால் மிக நன்றாக நடந்தேன்.

"சொன்னீங்களா?" என்றார் நஞ்சப்பா.

"சொன்னேன் சார்."

"என்ன சொன்னீங்க?"

"தேங்க் யூ."

நஞ்சப்பா தொப்பியை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குத் திரும்பிப் போனார். பட்டியல் இறுதியானபோது நின்று எறியும் பிரிவில் என் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு இருந்தது. கோடு போட்டவர் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார். அதையாவது பாராட்டத் தோன்றியது.

சாயங்காலம் ஃபாரூக் தன் மூன்று சக்கர ஸ்கூட்டரில் என்னைக் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் 'தேங்க் யூ, தேங்க் யூ' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். காக்ஸ் டவுன் கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தியதும் சிரிப்பும் நின்றுவிட்டது. ரயில் கடந்துபோயிற்று.

"ரூம்ல நீ ஒண்டியாதான் கீற," என்றான். "அங்க யாருக்குணா நடந்து காட்டுவ?"

கேட் திறந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள், ஃபாரூக் வண்டியைக் கிளப்பினான். அன்று இரவு கீழ்ப் பாதி காலியாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டின் டவுனில் அக்கா வீட்டில் சாப்பாடு. நடந்ததை மணிவாரியாகச் சொன்னேன். அக்கா முதலில் கண் கலங்கினாள். சான்றிதழ் நீட்டிய இடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். 'தேங்க் யூ' வந்தபோது அத்தானுக்குப் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யார் டாக்டரிடம் போனாலும் அதே வழியனுப்பல்தான். அத்தான் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனபோதும், அவர்கள் மகள் ஷீலா வேலைக்கான மெடிக்கலுக்குப் போனபோதும் வாசல்வரை வந்து அக்கா சொன்னாள்: "மாமா மாதிரி பாஸாயிட்டு வந்துடாத." போன மாதம் ஷீலா தன் குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போனபோது அந்தக் குழந்தைக்கும் சொன்னார்கள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன்.

கோட்டு மட்டும் வந்து சேர்ந்தது. ஆர்டர் முன்பே போயிருந்ததாம். கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்தேன். ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது சில நாட்கள், உள்ளே யாரோ வந்து காத்திருப்பதுபோல இருக்கும். பாங்காக்கிலிருந்து ஃபாரூக் ஒரு கார்டு போட்டான். அவன் நான்காவதாக வந்தான். மூன்றாவதாக வந்தவர் எறிந்த தூரத்தையும் எழுதியிருந்தான். என் நோட்டில் உள்ள சராசரியைவிட அது இரண்டு விரற்கடை குறைவு. (இரண்டு முறை சரிபார்த்தேன்.)

மறுநாள் காலைக்கு வருகிறேன். நவம்பர் 13, வெள்ளி. 5.40-க்கு எழுந்தேன். பால் எடுக்கப் போகவில்லை, முகம் கழுவவில்லை. லுங்கியோடு சுவரோரம் போய், எதையும் பிடிக்காமல் இடது காலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தொன்பது விநாடி. அதுவரை அவ்வளவு நேரம் நின்றதில்லை. எழுதிவைத்தேன்.