ரோலண்டா யமஹாவா: அம்மன் சொன்ன தீர்ப்பு

கண்ணமங்கலம் துரைக்கண்ணு மாமா அவர்களுக்கு, ஜவ்வாது மலையிலிருந்து மைத்துனன் தீர்த்தகிரி வணங்கி எழுதுவது. இங்கு நானும் கல்பனாவும் மகள் கவியாவும் நலம். அங்கு தாங்களும் திரௌபதி அக்காவும் மருமகன் ரஞ்சித்குமாரும் தங்கள் யமஹாவும் நலமா?

ஆடித் திருவிழாக் கச்சேரி மேடையில் ஒரே ஒரு கீபோர்டுக்குத்தான் இடம் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். உங்கள் பழைய யமஹா டிஎக்ஸ் செவனா, என் பழைய ரோலண்ட் ஜூனோவா? போன கச்சேரியில் நீங்கள் என் ரோலண்டை "ஆர்மோனியப் பொட்டி" என்றதும், நான் உங்கள் யமஹாவை "எவர்சில்வர் கடை" என்றதும், அன்றிலிருந்து நாம் பேசாமல் இருப்பதும் ஊரறிந்த சங்கதி. "ரெண்டும் ஜப்பான்காரன் செஞ்சதுதானடா, அவனுங்களே இப்டி அடிச்சிக்க மாட்டானுங்க" என்று அக்கா போனில் அழுதாள். ஆகவே வெள்ளிக்கிழமை அம்மன் சன்னிதியில் பூ கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் யமஹா, சிவப்பு வந்தால் ரோலண்ட். பொட்டலம் இரண்டையும் தட்டில் வைக்கச் சொல்லிக் கல்பனாவிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் மாமா. பக்கத்தில் கல்பனா கண்ணீர் விட்டாள். என் துக்கம் அவளுக்காவது புரிந்ததே என்று நினைத்தேன்.

அம்மனே சொன்ன பிறகு மறைக்க இன்னா இருக்குது? உங்கள் யமஹா மெல்லத் தொட்டால் மெல்லப் பேசும், அழுத்தினால் உரக்கப் பேசும். என் ரோலண்ட் தடவினாலும் குத்தினாலும் ஒரே சத்தம்தான். ஆனா வயலின்காரங்க கூட்டமா எழுந்தாப்ல ஒரு சத்தம் குடுக்குமே, தள்ளுபொத்தானை லேசா ஏத்துனா நெஞ்சுக்குள்ள சூடா எறங்குமே, அது உங்க பொட்டியில நாள் பூரா பொத்தான் பொத்தானா அமுக்கித் தேடுனாலும் வராது. சரி உடுங்க, தோத்தவன் பேசக்கூடாது. ரோலண்டைப் புளி மூட்டைக்குப் பின்னால் வைத்து மூடிவிட்டேன். இனி மேடை ஏறமாட்டேன். நீங்களே வந்து வாசியுங்கள், நான் கூட்டத்தில் நின்று கேட்கிறேன். அழுகையா வருது மாமா, நிறுத்திக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். மருமகனுக்கு ஆசி. எல்லோரையும் அம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
தோற்றுப்போன மைத்துனன்
தீர்த்தகிரி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் கல்பனா வந்து, "இன்னாங்க எழுதுறீங்க? உங்க பொட்டலம் ரெண்டும் என் கூடையிலயே கீது. தட்டுல வெச்சது நம்ம கவியாவ ரஞ்சித்துக்குக் குடுக்கலாமான்னு நான் கட்டுன பூ. வெள்ளை வந்தா சம்மதம்னு வேண்டிக்கினேன். புள்ளைங்க ரெண்டும் எப்பவோ ஆசைப்படுதுங்க. நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கினு இருந்தா யார்கிட்டச் சொல்றது?" என்கிறாள். மறுபடி அழுதுவிட்டேன் மாமா, இது சந்தோஷ அழுகை. ஆகவே கீபோர்டு விஷயத்தில் அம்மன் இன்னும் வாயே திறக்கவில்லை. மேலே யமஹாவைப் புகழ்ந்து எழுதியதை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். ரோலண்டைத் துடைத்து வைத்துவிட்டேன். தட்டு மாற்ற அக்காவோடு சீக்கிரம் வாங்க சம்பந்தி. யமஹாவை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீங்க. கல்யாண மேடை பொண்ணு வூட்டுது.