சிவப்புக் கையுறையும் சுருளிப்பட்டி மாப்பிள்ளையும்

எனக்குச் சின்னக் கை என்று யாரும் சொன்னதில்லை. நானாகவே முடிவு செய்துகொண்டேன். மனிதர்களுக்கு இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கர்வங்கள் இருக்கும். பெரும்பாலும் அவற்றால் யாருக்கும் சேதமில்லை. என்னுடைய கர்வத்தால் மட்டும், பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை எங்கள் வீட்டுப் பின்கட்டில் அலறினார்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வீடு சின்னமனூரில், வேலை தேனியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். தினமும் பைக்கில் போய் வருவேன். ஸ்கூட்டி இல்லை, பைக். (அப்பா அதை ‘வண்டி’ என்பார். அம்மா ‘அந்தச் சனியன்’ என்பாள்.) கோயம்புத்தூரில் பந்தயத் தடத்தில் பெண்களுக்கு ஒருநாள் பயிற்சி இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்துவிட்டேன். வீட்டில் “ஆபீஸ் டிரெய்னிங்” என்று சொல்லியிருந்தேன். டிரெய்னிங் என்பது உண்மைதானே!

பயிற்சிக்காரர்கள் அனுப்பிய பட்டியலில் கையுறையைப் பற்றிக் கறாராக எழுதியிருந்தார்கள். தோலாக இருக்க வேண்டும், மணிக்கட்டை முழுசாக மூட வேண்டும். அதுவரை நான் போட்டுக்கொண்டிருந்தது வெயிலுக்குப் போடும் பூப்போட்ட துணியுறை. கீழே விழுந்தால் அது கையைக் காப்பாற்றாது, கையோடு சேர்ந்து கிழியும்.

தேனியில் ஹெல்மெட் கடைக்குப் போனேன்.

“யாருக்கும்மா, அண்ணனுக்கா?” என்றார் கடைக்காரர்.

“எனக்குத்தான்.”

“ஓ, மூணாறு போறீகளா?” என்று கம்பளி உறை ஒன்றை எடுத்துப் போட்டார். அது இல்லை என்றதும் ஆண்கள் போடும் தோலுறை வந்தது. அதற்குள் என் கையோடு இன்னொரு கையும் தாராளமாகக் குடியிருக்கலாம். “கொஞ்சம் தொளதொளன்னு இருந்தா காத்தோட்டமாத்தானம்மா இருக்கும்?” என்றார்.

வேறு வழியில்லாமல் இணையத்தில் இறங்கினேன். மூன்று வாரம் கையுறையைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை. விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கைதான். அந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி கெட்டியான தகடு இருந்தால் மணிக்கட்டு முறியாது. விரல் முட்டிக்குக் கவசம் வேண்டும். விரல்கள் கைப்பிடியைப் பிடித்தது போல வளைத்தே தைத்திருக்க வேண்டும். எல்லாம் மனப்பாடம். சாலைக்குக் காற்றோட்டமான குட்டை உறை, தடத்துக்குத் தடித்த நீள உறை என்று இரண்டு ஜோடி வைத்துக்கொள்வதே நல்லது என்றும் படித்தேன். படித்துவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஜோடி தேடினேன். நீளமான மணிக்கட்டு, மேலே பொடிப்பொடி ஓட்டைகள், நல்ல செக்கச்செவேலென்ற நிறம். பார்த்ததும் மயங்கிவிட்டேன்.

அளவு நாடாவை முட்டிகளைச் சுற்றிப் பிடித்தால் எஸ்ஸுக்கும் எம்முக்கும் நடுவில் வந்தது. எனக்குத்தான் சின்னக் கை ஆயிற்றே. எஸ்!

வந்த உறையைப் போட்டுப் பார்த்தேன். விரலை நீட்டினால் சரியாக இருந்தது, மடக்கத்தான் முடியவில்லை. திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு காணொளியில் தாடி வைத்த ஒருவர், தோலுறையைத் தண்ணீரில் நனைத்து, கையில் மாட்டி, அப்படியே வண்டி ஓட்டிக் காயவிட்டால் கைக்குத் தகுந்தாற்போல் வளைந்து கொடுக்கும் என்றார். தாடி வைத்தவர்களை நம்பும் வயது அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சுருளிப்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை சரவணன், திராட்சைத் தோட்டக்காரர், ஒரே மகன். மூன்று மணிக்குத்தானே என்று காலையில் உறையை நனைத்து மாட்டிக்கொண்டு கம்பம் வரை போய்த் திரும்பினேன். சித்திரை வெயில். தோல் காய்ந்தது. காய்ந்தது என்றால் சாதாரணக் காய்ச்சல் இல்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காய்ந்தது.

வீட்டு வாசலில் வெள்ளைக் கார் நின்றது. மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, பக்கத்துச் சந்தில் ஒளிந்து நின்று கையை ஆட்டினாள்.

“ஏய், வந்துட்டாக! மத்தியானம் கம்பத்துல ஏதோ விசேசமாம், முன்னாடியே வந்துட்டாக. பின்னாடி வழியா வா!”

அடுப்படியில் ஹெல்மெட் கழன்றது, ஷூ கழன்றது. கையுறை கழலவில்லை. மதினி ஒரு பக்கம் இழுத்தாள், அம்மா ஒரு பக்கம் இழுத்தாள். முன்னறையில் அப்பா பம்புசெட் மோட்டாரைப் பற்றிப் பேசிப் பேசி நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தார். (அவருக்கு மோட்டார் ரிப்பேர் கடை. அந்த விஷயத்தில் அவரால் மூன்று நாள்கூடப் பேச முடியும்.) கடைசியில் அம்மா மணிக்கட்டு வழியாக அரைப் பாட்டில் தேங்காயெண்ணெயை ஊற்றினாள். ‘ப்ளக்’ என்று ஒன்று வந்தது. பின்னாலேயே மற்றது, உள்துணியையும் பிடுங்கிக்கொண்டு வந்தது.

“ஆத்தாடி! ரத்தம்!” என்றாள் அம்மா.

ரத்தமில்லை, சாயம். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை செக்கச்செவேல். சோப்பு போட்டோம், எலுமிச்சை தேய்த்தோம், மண்ணெண்ணெய் தேடினோம். சாயம் அசையவில்லை. மதினிக்குத்தான் அந்த யோசனை வந்தது.

“மருதாணின்னு சொல்லிருவோம் அத்தை.”

அம்மா கையுறைகளைப் பின்கட்டு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, என் கையில் காபித் தட்டைத் திணித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல உயரம், சந்தன நிறப் பட்டு. காபியை வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னமா புடிச்சிருக்கு! இம்புட்டுச் செவப்ப நான் பாத்ததே இல்ல. கடையில வாங்குன கோனா?”

“இல்லைங்க, வீட்டு மரத்துலயே பறிச்சு அரைச்சது” என்றாள் அம்மா. ஒரு பொய்யோடு நிறுத்தத் தெரியாதவள்.

“நம்ம வீட்டுல ஏது மருதாணி மரம்?” என்றார் அப்பா. உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசை அவர் முகத்தில்.

“பக்கத்து வீட்டுல மாமா” என்றாள் மதினி.

“அப்ப நல்லதாப் போச்சு. போகும்போது ரெண்டு கொப்பு ஒடிச்சுக் குடுங்க, தோட்டத்துல ஊனி வைக்கிறேன்” என்றார் அந்த அம்மா. பக்கத்து வீட்டில் இருந்தது ஒரு செல்போன் கோபுரமும் இரண்டு ஆடுகளும்.

எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. உள்ளங்கையில் எண்ணெய், அதன்மேல் வியர்வை, அதன்மேல் அவருடைய கை. அவர் விடவேயில்லை. விட்டபோது அவர் கையும் சிவந்திருந்தது. அதைக் கவனிக்காமல் முந்தானையை இழுத்துச் சரிசெய்தார். சந்தனப் பட்டில் ஐந்து விரல். நான் மதினியைப் பார்த்தேன். மதினி மின்விசிறியைப் பார்த்தாள்.

இதற்கிடையில் வடை தின்ற மாப்பிள்ளை, கை கழுவப் பின்கட்டுக்குப் போயிருந்தார்.

வளைத்துத் தைத்த கையுறை இது என்று சொன்னேன் அல்லவா? வாளியில் போட்ட இரண்டும், எட்டு விரலால் வாளி விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றிருக்கின்றன. உள்ளே தண்ணீர் குங்குமமாக இருந்திருக்கிறது. யாரோ வாளிக்குள் இருந்து ஏறிவரப் பார்ப்பது போல.

“கையி! ஏ ஆத்தா, கையி!”

ஒரு திராட்சை விவசாயி அந்தச் சுருதியில் கத்துவார் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் ஓடினோம். அவர் துவைக்கிற கல்மேல் ஏறி நின்றிருந்தார். அப்பா வாளிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து, பிழிந்து, புரட்டிப் பார்த்தார்.

“நல்ல தோலு. இது யாருது?”

“என்னுது. வண்டி ஓட்ட.”

“வண்டிக்கு எதுக்கு இம்புட்டுக் கவசம்?”

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. கோயம்புத்தூர், பந்தயத் தடம், ஆபீஸ் டிரெய்னிங், எல்லாவற்றையும் வாளிப் பக்கத்தில் நின்றபடி கொட்டிவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா தன் கையைப் பார்த்தார், முந்தானையைப் பார்த்தார், கடைசியாக என் அம்மாவைப் பார்த்தார்.

“பொம்பளப் புள்ள பைக்கு ஓட்டட்டும், ரேசு கூடப் போகட்டும். அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா இல்லாத மரத்துக்கு என்னையக் கொப்பு கேக்க வச்சிட்டீகளே!”

கார் கிளம்பிப் போனது. அம்மா அழுதாள். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார், அதுதான் தாங்க முடியவில்லை. பொய் சொன்னது தப்பு என்று அவரிடம் போய்ச் சொன்னேன். “என்கிட்டச் சொல்லிருந்தா பிரேக்கையாவது பாத்து விட்டுருப்பேன்ல” என்றார்.

மூன்றாம் நாள் ஒரு அழைப்பு. சரவணன்.

“கை வெளுத்துருச்சா?”

“இன்னும் இல்ல. உங்க அம்மாவுக்கு?”

“அவுகளுக்கும் இல்ல. ஊர்ல பொம்பளைக எல்லாம் மருதாணி எங்கன வச்சீகன்னு கேக்குறாக. இவுகளும் சின்னமனூர்ல பொண்ணு வீட்டுலன்னு சொல்லிட்டுத் திரியுறாக. அதனால, இனிமே உங்கள வேணாம்னு சொல்ல முடியாதாம்.”

சிரித்தேன். அவரும் சிரித்தார். கத்துவதைவிடச் சிரிப்பது நன்றாக இருந்தது.

கோயம்புத்தூருக்கு அப்பாவே கூட வந்தார். இந்த முறை புதுக் கையுறை, எம் அளவு, கறுப்பு நிறம். மூன்றாவது வளைவில் விழுந்து, உள்ளங்கையால் சறுக்கி எழுந்தேன். தகடு தேய்ந்திருந்தது, கையில் ஒரு கீறல் இல்லை. இரண்டு மாதத்தில் கல்யாணம்.

ஆயிற்று ஆறு வருஷம். சுருளிப்பட்டியில் இவருக்கு அந்த வாளிக் கையிடமிருந்து இன்னும் விடிவுகாலம் வரவில்லை. இந்தப் பொங்கலுக்கு வந்த பெரியப்பா பேத்திகள், தோட்டத்தில் மருந்தடிக்கப் போடும் ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குளியலறைக் கதவில் தொங்கவிட்டார்கள். அவர்கள் கட்டுவதை இவரே பார்த்தார். பார்த்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து அதே கதவைத் திறந்து, அதே சுருதியில் கத்தினார்.

அத்தை பொங்கல் பானையிலிருந்து தலையைத் திருப்பக்கூட இல்லை.

“எவடி அங்க? என் மகன் மறுபடியும் பொண்ணு பாக்கப் போயிட்டானா?”